சால்மன் போகும் வழியில்: போர்ன்ஹோம் முதல் டோர்னியோ ஆறு வரை

முதல் நாள், ஜூன் 26, 2023 – போர்ன்ஹோம் தீவு

டென்மார்க்குக்குச் சொந்தமானதாயினும் ஸ்வீடனின் தென்கரைக்கே அருகில் கிடக்கும் போர்ன்ஹோம் தீவின் நெக்ஸோ துறைமுகத்தில் அமர்ந்து இந்த முதல் குறிப்பை எழுதுகிறேன். அடுத்த ஒரு வாரம் ஒரு மீன் போகும் வழியிலேயே நானும் போகப்போகிறேன். பால்டிக் கடலின் சால்மன், வடக்கே ஸ்வீடனுக்கும் ஃபின்லாந்துக்கும் எல்லையாக ஓடும் டோர்னியோ ஆற்றில் பிறந்து, மூன்று நான்கு ஆண்டுகள் அந்தக் குளிர்ந்த நீரிலேயே வளர்ந்து, விரல் நீளத்தைச் சற்றே தாண்டிய வயதில் கடலுக்கு இறங்கி, ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீந்தி இந்தத் தென்கடலுக்கு வந்து சேர்கிறது. இங்கே ஒன்று முதல் மூன்று குளிர்காலம் வரை மத்தி இனத்தைச் சேர்ந்த சிறுமீன்களைத் தின்று கொழுத்து, பத்துக் கிலோ எடையைக்கூட எட்டிப் பிறந்த ஆற்றுக்கே திரும்புகிறது. அந்தத் திரும்பும் பயணத்தில் அதற்கு ஆழ்கடல், கரையோரம், ஆறு என்று மூன்று இடங்களில் வலையோ தூண்டிலோ காத்திருக்கும். முதல் இடத்தில் வலையை எடுத்துவிட்டால் மற்ற இரண்டு இடங்களிலும் என்ன நடக்கும் என்பதைப் பார்க்கவே வந்திருக்கிறேன்.

நம் ஊர்ச் சந்தையில் இந்தியன் சால்மன் என்று சொல்லி விற்கும் காலா மீனுக்கும் இதற்கும் உறவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காலா வேறு குடும்பம். கடலுக்கும் ஆற்றுக்கும் இடையே இப்படி வாழ்நாள் முழுவதும் அலைவது அதன் இயல்பன்று.

நெக்ஸோ ஒரு காலத்தில் டென்மார்க்கின் பெரிய மீன்பிடித் துறைகளுள் ஒன்று. இன்று படகுத்துறையின் நீளத்துக்கும் அதில் கட்டியிருக்கும் படகுகளின் எண்ணிக்கைக்கும் பொருத்தமே இல்லை. காட் மீன் அருகிப்போனதால் 2019ஆம் ஆண்டின் நடுவிலிருந்து கிழக்குப் பால்டிக்கில் அதைக் குறிவைத்துப் பிடிப்பது நின்றுவிட்டது. சால்மனின் கதை அதற்கும் முந்தையது. 1990ஆம் ஆண்டில் பால்டிக் முழுவதிலும் ஐந்தாயிரம் டன்னுக்கு மேல் சால்மன் பிடிபட்டது. அதில் பெரும்பகுதி இந்தத் தென்கடலில், வழிவலையிலும் ஆயிரங்கால் தூண்டிலிலும் அகப்பட்டதுதான். நீரோட்டத்தோடு மிதந்துபோகும் அந்த வழிவலைக்கு ஐரோப்பாவின் பிற கடல்களில் இரண்டரைக் கிலோமீட்டர் என்று வரம்பு விதித்த பிறகும், பால்டிக் படகுகள் இருபது கிலோமீட்டருக்கு மேல் வலை விரிக்க விதிவிலக்குப் பெற்றிருந்தன.

2008 ஜனவரி முதல் நாள் அந்த வலை முற்றிலும் நின்றது. நின்ற காரணம் சால்மன் அன்று. பால்டிக்கில் சில நூறு மட்டுமே எஞ்சியிருக்கும் சிறு ஓங்கில் இனம் ஒன்று வலையில் சிக்கி மூச்சுமுட்டிச் சாவதைத் தடுக்கவே ஐரோப்பிய ஒன்றியம் அந்தத் தடையைக் கொண்டுவந்தது. ஓங்கிலுக்காக எடுத்த முடிவு சால்மனுக்கும் வழியைத் திறந்துவிட்டது. ஆனால் அடுத்த ஓரிரு ஆண்டுகளிலேயே வலையை இழந்த படகுகள் பல ஆயிரங்கால் தூண்டிலுக்கு மாறின. மிதவைகளில் தொங்கும் ஆயிரக்கணக்கான முட்களில் மீண்டும் சால்மன் ஏறியது. சில படகுகளின் கணக்கில் அது, சால்மனை ஒத்த கடல் டிரவுட் என்ற மீனின் பெயரில் பதிவானது என்று கடலாய்வுக்கான பன்னாட்டு மன்றமே தன் அறிக்கைகளில் பலமுறை சுட்டிக்காட்டியிருக்கிறது. ஸ்வீடனும் ஃபின்லாந்தும் தங்கள் ஆழ்கடல் சால்மன் பிடிப்பை 2013இல் நிறுத்தின. கடைசியாக 2022 முதல், தென்பால்டிக்கில் சால்மனைக் குறிவைக்கும் தொழில்முறை மீன்பிடிப்பு ஒன்றியம் முழுவதற்குமே நின்றது.

துறைமுகத்தில் பொழுதுபோக்குப் படகு வைத்திருக்கும் ஒருவரோடு பேசினேன். 2023இன் விதிப்படி அவருடைய வாடிக்கையாளர் நாளொன்றுக்கு ஒரு சால்மன் மட்டுமே எடுக்கலாம். அதுவும் முதுகின் பின்பகுதியில் இருக்கும் சிறிய கொழுப்புத் துடுப்பு வெட்டப்பட்ட மீனாக இருக்க வேண்டும். பண்ணையில் பொரித்து விடப்பட்ட மீனுக்கு அந்த அடையாளம் உண்டு, காட்டு மீனுக்கு இல்லை. “பெரிய மீன் வந்தால் முதலில் முதுகைத்தான் பார்க்கிறோம், துடுப்பு இருந்தால் படகுக்குள் தூக்காமலே விட்டுவிடுகிறோம்” என்றார். தூண்டிலில் இப்படிப் பிரித்துப் பார்த்து விட முடிகிறது. இருபது கிலோமீட்டர் வலையில் செத்துத் தொங்கும் மீனிடம் இந்த வேறுபாட்டைப் பார்த்துப் பயனில்லை. இந்தப் பயணம் முழுவதற்கும் இதுவே அடிப்படைச் செய்தி என்று எனக்குத் தோன்றுகிறது: ஆழ்கடலில் எல்லா ஆற்று மீன்களும் ஒன்றாகக் கலந்து மேய்கின்றன. டோர்னியோ போன்ற வளமான ஆற்றின் மீனும், ஆண்டுக்குச் சில நூறு மட்டுமே திரும்பும் சிற்றாற்றின் மீனும், அணைக்கட்டு நிறுவனம் வளர்த்துவிட்ட மீனும் ஒரே கூட்டத்தில் இருக்கும்போது, அங்கே வீசும் வலை வளமானதையும் நலிந்ததையும் ஒரே விகிதத்தில்தான் அள்ளும்.

இரண்டாம் நாள், ஜூன் 27 – கப்பலும் ரயிலும்

போர்ன்ஹோமின் ரோனெ துறையிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் ஸ்வீடனின் இஸ்டாட். அங்கிருந்து மால்மோ வழியாக ஸ்டாக்ஹோம். இரவில் ஃபின்லாந்தின் துர்க்குவுக்குக் கப்பல். எழுத அதிகமில்லை.

ரயிலில் அட்லாண்டிக் சால்மனைப் பற்றிய குறிப்புகளைப் படித்துக்கொண்டு வந்தேன். வட அட்லாண்டிக்கில் பெரும்பாலான பகுதிகளில் கரையிலிருந்து 12 கடல் மைலுக்கு அப்பால் சால்மன் பிடிக்கக் கூடாது என்ற பன்னாட்டு உடன்படிக்கை 1983லேயே நடைமுறைக்கு வந்துவிட்டது. பால்டிக் அதில் சேரவில்லை. அயர்லாந்து 2007இல் தன் கடற்கரை வழிவலைகளை நிறுத்தி மீனவர்களுக்கு இழப்பீடு கொடுத்தது. ஆறுகளில் உடனே மீன் பெருகும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு முழு நிறைவு கிடைக்கவில்லை. கடலில் மீன் உயிர்தப்பும் விகிதமே அதே காலத்தில் சரிந்துவிட்டிருந்தது. இதை இப்போதே எழுதிவைக்கிறேன், ஏனென்றால் இந்த ஆண்டு பால்டிக்கிலும் இப்படி ஒன்று நடப்பதாகத் துறைமுகத்திலேயே ஒருவர் கவலையோடு சொன்னார்.

மூன்றாம் நாள், ஜூன் 28 – துர்க்கு

காலையில் தீவுக்கூட்டங்களுக்கு இடையே கப்பல் மெல்ல ஊர்ந்து துர்க்குவை அடைந்தது. பழைய சந்தைக் கூடத்துக்குப் போனேன். மீன்கடைகளில் சால்மன் குவிந்திருந்தது. பெயர்ப்பலகையைப் படித்தால் பெரும்பாலும் நார்வேயின் கூண்டுகளில் வளர்ந்த மீன். ஆண்டு முழுவதும் ஒரே அளவில், ஒரே நிறத்தில், சீரான விலையில் வருகிற அந்த மீனோடு, ஆண்டில் ஓரிரு மாதம் மட்டுமே கிடைக்கும் காட்டு மீன் போட்டியிட வேண்டியிருக்கிறது. கடையில் பணிபுரிந்த பெண்மணி, காட்டு சால்மனுக்கு வேனிற்பண்டிகைக்கு முந்தைய நாட்களில்தான் நல்ல விலை என்றும், பண்டிகை கழிந்தால் கேட்பவர் குறைந்துவிடுவர் என்றும் சொன்னார். பண்டிகை கடந்த சனிக்கிழமையே முடிந்துவிட்டது. இந்த ஒரு வரியை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன்; நாளை மீனவர் ஒருவர் பேசும்போது இது தேவைப்படும்.

பால்டிக் சால்மனில் டயாக்சின் நஞ்சின் அளவு ஐரோப்பிய வரம்பைத் தாண்டுவது உண்டு. ஆகவே ஃபின்லாந்தும் ஸ்வீடனும் சிறப்பு விலக்குப் பெற்றுத் தம் நாட்டுக்குள் மட்டும் அதை விற்கின்றன. கருவுற்ற பெண்களும் குழந்தைகளும் அளவோடு உண்ணுமாறு அறிவுறுத்துகின்றன. பிடிபடும் ஒவ்வொரு மீனுக்கும் சந்தை இவ்வளவு சிறியதாக இருக்கிறது என்பதும் மீனவரின் கணக்கில் ஒரு பகுதி.

நான்காம் நாள், ஜூன் 29 – வாசாவை அடுத்த தீவுகள்

துர்க்குவிலிருந்து ரயிலில் வாசா வந்து, அங்கிருந்து ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான நீளமுள்ள ரெப்லோட் பாலத்தைக் கடந்து இந்தத் தீவை அடைந்தேன். ஸ்வீடனுக்கும் ஃபின்லாந்துக்கும் இடையே வடக்கு நோக்கி நீளும் பொத்னியா வளைகுடா இந்த இடத்தில் குறுகுகிறது. பனியுகத்தின் சுமை இறங்கிய நிலம் இன்னும் ஆண்டுக்குச் சுமார் எட்டு மில்லிமீட்டர் உயர்ந்துகொண்டே இருப்பதால், தாத்தா படகு கட்டிய துறையில் பேரன் புல் அறுக்கிறான். இங்கே பேசும் மொழி பெரும்பாலும் ஸ்வீடிஷ். வடக்கே போகும் சால்மன் ஃபின்லாந்துக் கரையை ஒட்டியே நீந்துவதால், மே மாத இறுதியிலிருந்து இந்தத் தீவுகளின் முனைகளை எல்லாம் உரசிக்கொண்டு போகிறது.

நான் தங்கியிருக்கும் வீட்டுக்காரரின் அண்டை வீட்டார், அறுபது வயதைத் தாண்டிய மீனவர். இன்று அதிகாலை மூன்று மணிக்கே விடிந்துவிட்ட வெளிச்சத்தில் தம் படகில் என்னை ஏற்றிக்கொண்டார். கரையிலிருந்து நேராகக் கடலுக்குள் நீளும் தடுப்புவலை ஒன்று; கரையோரமாக வரும் மீன் அதில் முட்டி ஆழத்தை நோக்கித் திரும்பி, படிப்படியாகக் குறுகும் அறைகளுக்குள் புகுந்து, கடைசி அறையில் உயிரோடு அடைபடும். அந்தக் கடைசி அறையைத் தாங்கும் மிதவைக் குழாய்களுக்குக் காற்று ஏற்றினார். அந்த அறை முழுவதும் மேலெழுந்து மேசைபோல் கடல்மட்டத்தில் நின்றது. ஸ்வீடனில் உருவான இந்த அமைப்பின் வலைக்கயிறு மிகக் கெட்டியானது, இல்லையென்றால் கடல்நாய் கிழித்துவிடும். 1970களில் சில ஆயிரமாகச் சுருங்கியிருந்த சாம்பல்நிறக் கடல்நாய்கள் இன்று பல பத்தாயிரமாகப் பெருகியிருக்கின்றன. தலை மட்டும் மிஞ்சிய சால்மனை எத்தனையோ முறை தூக்கியிருப்பதாகச் சொன்னார்.

இன்று அறையில் இருந்தவை நான்கு சால்மன், சில சீகா என்னும் வெள்ளைமீன். முந்தைய ஆண்டுகளில் இதே நாளில் இருபதுக்குக் குறைந்ததில்லை என்றார். நான்கில் ஒன்று சிறியது, கடலில் ஒரே குளிர்காலம் கழித்த ஆண் மீன். மற்ற மூன்றும் பெரியவை.

திரும்பி வரும்போது அவர் பேசியதை என்னால் முடிந்தவரை அப்படியே தருகிறேன். “என் அப்பா காலத்தில் தெற்கே வழிவலை போட்டார்கள். எங்களுக்கு மிச்சம் மீதிதான் வந்தது. அவர்களை நிறுத்தச் சொன்னவர்களில் நாங்களும் உண்டு. நிறுத்தினார்கள், மீன் வந்தது, உண்மை. ஆனால் வந்த மீனைக் கண்டதும், அது எங்களுக்கு வந்த மீன் அல்ல, ஆற்றுக்குப் போக வேண்டிய மீன் என்று சொல்லிவிட்டார்கள்.”

இந்தச் சொற்களின் பின்னால் ஒரு நீண்ட விதிமுறை வரலாறு இருக்கிறது. 1990களின் நடுவில் ஃபின்லாந்து அரசு ஒரு முடிவு எடுத்தது. ஆற்றுக்கு முதலில் திரும்புபவை வயது முதிர்ந்த, பெரிய, சினை நிறைந்த தாய்மீன்கள். சிறிய ஆண் மீன்கள் ஜூலையில் பின்தொடர்பவை. ஆகவே கரையோரப் பொறிவலைகளைப் போடத் தொடங்கும் நாளைத் தள்ளிவைத்தால், எண்ணிக்கையில் சிறிய இழப்பைக் கொடுத்து முட்டைகளில் பெரிய ஆதாயத்தைப் பெறலாம். 1996 முதல் இந்த ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. கடற்கரையைப் பகுதிகளாகப் பிரித்து, மீன் வடக்கே நகரும் வேகத்தை ஒட்டி, தெற்குப் பகுதிக்கு முன்னும் வடக்குப் பகுதிக்குப் பின்னுமாகத் தொடக்க நாட்களை வைத்தார்கள். 2017 முதல் ஒவ்வொரு மீனவருக்கும் தனித்தனி ஒதுக்கீடும் வந்தது. பால்டிக் சால்மனின் ஒதுக்கீடு டன்னில் அல்ல, தலைக்கணக்கில் அமைவது என்பது இதில் தனிச்சிறப்பு. 1990களின் தொடக்கத்தில் ஃபின்லாந்து வளைகுடா நீங்கலான பால்டிக்குக்கு ஆறு லட்சத்தைத் தாண்டியிருந்த அந்தத் தலைக்கணக்கு, 2021இல் 94,496 ஆகவும் 2022இல் 63,811 ஆகவும் இறங்கியிருக்கிறது. இந்த 2023இல் பொத்னியா வளைகுடாவில் மட்டும், கரையிலிருந்து நான்கு கடல் மைலுக்குள், மே முதல் ஆகஸ்டு வரை பிடிக்க ஒன்றியம் இடம்கொடுக்கிறது. அந்த இடத்துக்குள் நாட்டின் சொந்த விதிகள் இன்னும் இறுக்கமானவை.

இறுக்கத்தின் வலி எங்கே படுகிறது என்பதை நேற்றைய சந்தைக்காரப் பெண்மணியின் வரியோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். நல்ல விலை கிடைப்பது பண்டிகைக்கு முன். பெரிய மீன் வருவதும் பண்டிகைக்கு முன். முழு அளவில் வலை போட அனுமதி கிடைப்பது அதை ஒட்டியோ அதற்குப் பிறகோ. வசந்தம் சீக்கிரம் வரும் ஆண்டுகளில் மீன் மேலும் முந்திக்கொண்டு போய்விடுகிறது, நாட்காட்டியோ நகர்வதில்லை.

நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளை நிறுத்திவைக்கும்போது நாட்டுப்படகுகளுக்குக் கரையோரத்தில் கொஞ்சம் மீன்பாடு கூடுவதை நம் மீனவர்கள் அறிவார்கள். ஆழ்கடல்காரர் நின்றால் கரைக்காரருக்குக் கிடைக்கும் என்ற நியாயமே இங்கும் இவருடைய எதிர்பார்ப்பாக இருந்தது. ஆனால் நம் கரையில் மீனுக்கு அதற்குப் பிறகு ஏறவேண்டிய ஆறு இல்லை. இங்கே இருக்கிறது, அதன் கரையிலும் மனிதர்கள் தூண்டிலோடு நிற்கிறார்கள்.

எனக்கு இவரிடம் மரியாதை உண்டு. அவர் சொல்வதில் நியாயமும் உண்டு: கடலில் நின்றுபோனவர்களுக்குத் தொழிலை மாற்றிக்கொள்ள வேறு மீன் இருந்தது, ஆற்றில் பிடிப்பவர்களில் பலருக்கு அது விடுமுறை இன்பம், நடுவில் நிற்கும் இவருக்கு மட்டும் இது பிழைப்பு. ஆயினும் கரையோரமும் ஒரு கலப்பு மீன்வழியே என்பதை மறுக்க முடியாது. வாசாவின் முனையைக் கடக்கும் கூட்டத்தில் டோர்னியோ மீன் மட்டும் இல்லை. ஃபின்லாந்தில் டோர்னியோவைத் தவிர இயற்கையான சால்மன் எஞ்சியிருக்கும் ஒரே பால்டிக் ஆறான சிமோவின் சிறிய கூட்டமும் அதில்தான் போகிறது.

ஆறாம் நாள், ஜூலை 1 – கெமி

நேற்று முழுவதும் ரயிலில் கழிந்தது. இன்று காலை கெமி ஆற்றின் முகத்துவாரத்தில் இசோஹாரா அணையின் மேல் நின்றேன்.

ஒரு காலத்தில் இது ஐரோப்பாவின் தலைசிறந்த சால்மன் ஆறுகளுள் ஒன்று. போர் முடிந்து, நாட்டின் ஒரு பகுதி நிலமும் அதோடு பல மின்நிலையங்களும் சோவியத் ஒன்றியத்திடம் போனபின், மின்சாரத்துக்காக 1940களின் இறுதியில் ஆற்றின் வாயிலேயே இந்த அணையைக் கட்டினார்கள். ஒரே அணை, அதற்கு மேலே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஆறு சால்மனுக்கு இல்லாமல் போயிற்று. பிற்காலத்தில் மீன்படிகள் அமைத்தார்கள். அவற்றில் ஏறும் மீன் பழைய வெள்ளத்தின் ஒரு துளி.

இழப்புக்கு ஈடாக மின்நிறுவனம் ஆண்டுதோறும் லட்சக்கணக்கான இளமீன்களைப் பண்ணையில் வளர்த்துக் கடலில் விட வேண்டும் என்று நீதிமன்றம் ஆணையிட்டது. ஸ்வீடனின் அணைகட்டிய ஆறுகளிலும் இதே ஏற்பாடு. இதன் விளைவைத்தான் நான் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன். 1970கள், 80களில் பால்டிக்கில் மேய்ந்த சால்மனில் மிகப்பெரும்பான்மை இப்படி விடப்பட்டவை. கடலில் மீன் நிறைய இருந்தது. படகுகள் நிறையப் பிடித்தன. பண்ணைகள் மீண்டும் நிறைய விட்டன. இந்தச் சக்கரம் சுழலச் சுழல, டோர்னியோவின் காட்டு மீனும் அதே வலையில் அதே வேகத்தில் போய்க்கொண்டே இருந்தது. 1980களில் டோர்னியோவிலிருந்து கடலுக்கு இறங்கிய இளமீன்கள் பல ஆண்டுகளில் ஒரு லட்சத்துக்கும் குறைவு.

முகத்துவாரத்தை ஒட்டிய கடல்பகுதியில் பொறிவலைகளுக்குத் தனி விதி, சற்றுத் தாராளமானது. ஏனென்றால் இங்கே வந்து மோதுவது பெரும்பாலும் இந்த அணைக்குத் திரும்பிய பண்ணை மீன், அதற்கு மேலே போக இடமில்லை. எந்த மீன் எந்த இடத்தில் தனியாகப் பிரிந்து நிற்கிறதோ அந்த இடத்தில் அதைப் பிடிப்பது என்ற கொள்கைக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டை நான் கண்டதில்லை. ஆழ்கடலில் முடியாதது இங்கே முடிகிறது.

ஏழாம் நாள், ஜூலை 2 – குக்கோலா

ஃபின்லாந்தின் டோர்னியோ நகரும் ஸ்வீடனின் ஹபாரண்டா நகரும் ஒரே ஊர்போல ஒட்டிக்கிடக்கின்றன; பாலத்தைக் கடந்தால் நாடும் மாறுகிறது, கடிகாரமும் ஒரு மணி நேரம் மாறுகிறது. அங்கிருந்து பதினைந்து கிலோமீட்டர் வடக்கே குக்கோலா. மூன்றரைக் கிலோமீட்டர் நீளத்தில் ஏறத்தாழ பதினான்கு மீட்டர் இறங்கும் இந்தப் பாய்ச்சலின் இரைச்சல், ஊருக்குள் நுழையும் முன்பே காதில் விழுகிறது. அணையில்லாத பேராறு எப்படி ஒலிக்கும் என்பதை நேற்றைய இசோஹாராவின் அமைதிக்குப் பிறகு கேட்டதால், சிறிது நேரம் பேசாமல் நின்றுவிட்டேன்.

பாய்ச்சலின் மேல் மரக்கழிகளால் கட்டிய ஒடுங்கிய மேடைகள் நீண்டிருக்கின்றன. அவற்றின் நுனியில் நின்று, நான்கைந்து மீட்டர் நீளக் காம்பு கொண்ட கைவலையை நீரோட்டத்தோடு இழுத்து வெள்ளைமீன் பிடிக்கிறார்கள். லிப்போ என்று பெயர். பிடித்த மீனை ஊர் வீடுகள் முறைப்படி பங்கிட்டுக்கொள்ளும் வழக்கம் பல நூற்றாண்டுப் பழமையுடையது. இரு கரைகளிலும், இரு நாடுகளிலும் ஒரே வழக்கம்.

மேடையில் நின்ற எழுபத்தைந்து வயதுப் பெரியவரிடம், சால்மன் இல்லாத காலம் நினைவிருக்கிறதா என்று கேட்டேன். 1980களில் ஒரு கோடை முழுவதும் நின்றும் ஒரு சால்மனைக்கூடக் காணாமல் வீடு திரும்பிய ஆண்டுகள் உண்டு என்றார். பிறகு 1996, 1997இல் திடீரென்று ஆறு நிறைந்தது. அந்த நிறைவுக்குக் காரணங்கள் பின்னிக்கிடக்கின்றன: 1990ஐ ஒட்டிப் பிறந்த ஒரு வலுவான தலைமுறை, கடலில் ஒதுக்கீட்டைக் குறைத்தது, கரையில் 1996இல் வந்த காலவரையறை. இவற்றுள் எது எவ்வளவு என்று பிரிப்பதைவிட, மூன்றும் ஒரே கோடையில் கூடிவந்தன என்று சொல்வதே நேர்மை. அதே பத்தாண்டின் முற்பகுதியில் எம்74 என்ற நோய் முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சுகளைக் கொன்றுகொண்டிருந்தது. தாய்மீனின் உடலில் தயமின் எனும் பி1 உயிர்ச்சத்துக் குறைந்ததே காரணம். மோசமான ஆண்டுகளில் பாதிக்கும் மேற்பட்ட தாய்மீன்களின் குஞ்சுகள் மடிந்தன. அந்த நோய்க்கு நடுவிலும் முட்டையிடக் கூடுதலான தாய்மீன்கள் ஆற்றை அடைந்ததால்தான் டோர்னியோ மீன் தப்பியது என்று நான் நம்புகிறேன். வலை குறைந்ததால் நோய் குறையவில்லை; நோயைத் தாங்கும் அளவுக்கு எண்ணிக்கை மிஞ்சியது.

கடலுக்கு இறங்கும் இளமீன்கள் பின்னர் பத்து லட்சத்தைத் தாண்டின. ஆற்றில் தூண்டில்காரர்களின் மீன்பாடு 2014இல் நூறு டன்னுக்கு மேல் போயிற்று. ஆயிரக்கணக்கானோர் உரிமச்சீட்டு வாங்கி வந்தார்கள். படகோட்டிகள், விடுதிகள், புகையூட்டிய மீன் விற்கும் குடில்கள் என்று இளைஞர் வெளியேறிக்கொண்டிருந்த கிராமங்களில் கோடைக்கு ஒரு பொருளாதாரம் உருவானது. ஒரு மீனை வலையில் எடைக்கு விற்றால் கிடைப்பதைவிட, அதே மீனுக்காக ஒருவர் ஒரு வாரம் தங்கிச் செலவிடுவது பன்மடங்கு என்ற கணக்கை இங்கே எல்லாரும் சொல்கிறார்கள். அது உண்மையே. ஆனால் அந்தப் பணம் வாசா தீவிலிருக்கும் மீனவரின் கைக்குப் போவதில்லை என்பதையும் நான் நேற்று முன்தினத்துக்கு முன்நாள் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன்.

மாலை ஏழு மணிக்கு ஆறு வெறிச்சோடியது. 2023இன் விதிப்படி, ஞாயிறு மாலை ஏழு முதல் திங்கள் மாலை ஏழு வரை சால்மனுக்குத் தூண்டில் போடக் கூடாது. வாரத்தில் ஒரு நாள் மீனுக்கு வழி. மற்ற நாட்களிலும் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒன்றுதான். 2010இல் நடைமுறைக்கு வந்த எல்லையாற்று உடன்படிக்கைக்குப் பின், இரு நாடுகளும் இந்த விதிகளைப் பேசி முடிவு செய்கின்றன. ஆழ்கடலையும் கரையையும் நிறுத்தச் சொன்னவர்கள் தங்கள் கையையும் கட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. கட்டிக்கொள்ளாவிட்டால், தெற்கே விட்டுவைத்த மீன் முட்டையிடும் சரளைக்கற்களுக்கு ஐம்பது கிலோமீட்டர் முன்னே இறந்துபோகும்.

எட்டாம் நாள், ஜூலை 3 – கட்டிலகோஸ்கி, பெல்லோ

கடலிலிருந்து சுமார் நூறு கிலோமீட்டர் மேலே, கட்டிலகோஸ்கி என்ற இடத்தில் ஆற்றின் இரு கரைகளிலிருந்தும் ஒலியலைக் கருவிகள் நீருக்குள் பார்த்துக்கொண்டிருக்கின்றன. ஃபின்லாந்தின் இயற்கைவள ஆய்வு நிறுவனம் 2009 முதல் இங்கே மேலேறும் மீன்களை எண்ணுகிறது. மங்கலான ஒலிப்படத்தில் மீனின் நீளத்தை அளந்து, பெரியது சால்மன் என்று பிரிக்கிறார்கள். கரையிலிருந்து பார்த்தால் சாதாரணமான சில கம்பங்கள், கம்பிகள், மிதவைகள். இந்தக் கடலின் அரசியல் முழுவதும் இந்த எண்களுக்காகக் காத்திருக்கிறது என்று நம்ப முடியாது.

எண்கள் சொல்வது இது. 2010இல் ஏறத்தாழ 17,000. 2012இல் 60,000. 2014இல் ஒரு லட்சம். நான்கே ஆண்டுகளில் இவ்வளவு உயர்வு. வழிவலை நின்றது 2008. தெற்கே ஆயிரங்கால் தூண்டில் குறையத் தொடங்கியதும் ஸ்வீடன், ஃபின்லாந்துப் படகுகள் விலகியதும் 2012, 2013. தடை வந்த மறு ஆண்டே பலன் வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தடை வந்த பிறகும் 2010இல் எண்ணிக்கை தாழ்ந்தே இருந்தது, ஏனெனில் வலை போன இடத்தில் முள் வந்துவிட்டிருந்தது. முள்ளும் விலகிய பிறகுதான், கடலில் அந்தந்த ஆண்டு உயிர்தப்பிய மீன்களின் அளவும் கூடி, ஆறு நிறைந்தது. ஒரு கருவியை மட்டும் தடுத்து அதே கடலில் அதே மீனை வேறு கருவிக்குத் திறந்துவிட்டால், அது கரைக்கும் ஆற்றுக்கும் வந்துசேராது.

இந்த ஆண்டு எண்ணிக்கை குறைவாகவே ஏறிக்கொண்டிருக்கிறது. வாசா தீவில் நான்கு மீனோடு திரும்பியவரும், குக்கோலாவில் கழியை ஊன்றி நின்றவரும், இங்கே படகுத்துறையில் பேசியவர்களும் ஒரே செய்தியைத்தான் சொன்னார்கள். தெற்கே தொழில்முறை வலையும் முள்ளும் இல்லாத இரண்டாவது ஆண்டு இது; கரையோர விதிகள் முன்பைவிட இறுக்கமாக இருக்கின்றன; ஆற்றிலிருந்து இறங்கிய இளமீன்களின் எண்ணிக்கையும் குறைவில்லை. ஆகவே மீன் காணாமல்போவது கடலில் இறங்கிய முதல் ஆண்டிலேயே, யாருடைய வலைக்கும் அகப்படாத சிறு வயதிலேயே என்று நினைக்க வேண்டியிருக்கிறது. பால்டிக்கின் சிறுமீன் கூட்டங்கள் மாறிவருகின்றன, நீரின் வெப்பமும் மாறிவருகிறது.

ஆற்றங்கரை ஊரான பெல்லோவில் ஒருவர் என்னிடம் கேட்டார்: “அப்படியானால் கடலில் தடைபோட்டு என்ன பயன்?” எனக்குக் கோபம் வரவில்லை, வருத்தம் வந்தது. கடலில் நூற்றுக்கு இத்தனை பிடிக்கலாம் என்று நல்ல ஆண்டில் வகுத்த கணக்கு, கெட்ட ஆண்டில் நலிந்த ஆற்றை அடியோடு அழித்துவிடும். தெற்கு வலை இன்றும் இருந்திருந்தால் இந்தக் குறைந்த மீனிலும் பாதி போர்ன்ஹோமின் அருகிலேயே முடிந்திருக்கும் என்று பதில் சொன்னேன். டோர்னியோ இந்தச் சரிவைத் தாங்கும். சிமோவும், ஸ்வீடனின் தென்கிழக்குக் கரையில் சில நூறு மீன்களோடு பிழைத்திருக்கும் எமோன் ஆறும் அப்படித் தாங்குமா என்பதே என் கவலை. அவர் தலையசைத்தார்; ஒப்புக்கொண்டாரா என்று தெரியவில்லை. வாசாவின் மீனவரைப் பற்றியும் அவரிடம் சொன்னேன். அவர்களும் பிழைக்க வேண்டும், ஆனால் பெரிய தாய்மீன் போன பிறகு பிடிக்கட்டும் என்றார். நாட்களைத் தள்ளிப்போடுவதோடு, தள்ளிப்போட்ட நாட்களின் விலை இழப்பை ஆற்று உரிமச்சீட்டுப் பணத்திலிருந்து ஒரு பங்கு ஈடுகட்டினால் என்ன என்று கேட்டேன். அப்படி ஒரு யோசனையை இதுவரை யாரும் தன்னிடம் சொன்னதில்லை என்றார்.

ஏழு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே படகுத்துறையில் நீண்ட குறுகிய மரப்படகுகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் துடுப்புப் போட ஒருவர், பின்னால் இரண்டு மூன்று தூண்டில்கோல்கள். பேச்சு இல்லை, எல்லாரும் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சூரியன் இன்னும் உயரத்தில் இருந்தது, இங்கே இன்று அது மறையப்போவதில்லை. ஏழு அடித்ததும் முதல் படகு துறையை விட்டு நகர்ந்து, நீரோட்டத்துக்குக் குறுக்கே மெல்லத் துழாவியபடி அக்கரைப் பக்கமாக, ஸ்வீடனை நோக்கி மிதந்து போயிற்று. நான் ஒன்பது மணிவரை கரையில் நின்றேன். பதினான்கு படகுகள் போயின, ஒரே ஒரு மீன் வந்தது. ஏறக்குறைய எட்டுக் கிலோ, பெண் மீன், கொழுப்புத் துடுப்பு முழுதாக இருந்தது. பிடித்தவர் அதைச் சிறிது நேரம் நீருக்குள்ளேயே தலை மேல்நோக்கி இருக்கும்படி இரு கைகளாலும் ஏந்திக்கொண்டிருந்தார். செவுள் சீராக அசையத் தொடங்கியதும் கையைத் திறந்தார்.